தாமஸ்-கில்மன் கேள்வித்தாள்: சூப்பர்வைசர்களிடம் நடத்திப் பார்த்ததில் தெரிந்தவை

கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் ஆகிய இரு அமெரிக்க அறிஞர்கள் 1974-இல் வெளியிட்ட கேள்வித்தாள், ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் தலைகாட்டுகிறது. உடன் பணிபுரிபவரோடு கருத்து மோதும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்ள முனைகிறார் என்பதைக் காட்டுவதே அதன் வேலை. எங்கள் தொழிற்சாலையில் உற்பத்திக்கும் தரக்கட்டுப்பாட்டுக்கும் இடையே நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்த பூசலை முன்னிட்டு, இரு பிரிவுச் சூப்பர்வைசர்களையும் அமர வைத்து இதை நடத்தினோம்.

தாளில் 30 இணைக் கூற்றுகள் உள்ளன. ஒவ்வொரு இணையிலும் தமக்குப் பொருந்துவது எது என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். 'இரண்டும் இல்லை' என்று நழுவ இடமில்லை. நிரப்பக் கால் மணி நேரம் போதும். தன் நிலையில் உறுதியாக நிற்றல், பிறர் தேவைக்கு இடம் தருதல் என்னும் இரண்டு அளவுகளை வைத்து, போட்டியிடுதல், ஒத்துழைத்தல், சமரசம், விலகிப்போதல், விட்டுக்கொடுத்தல் என ஐந்து போக்குகளில் மதிப்பெண் கிடைக்கிறது. இணையில் வரும் இரு கூற்றுகளும் கேட்பதற்கு ஏறத்தாழ ஒரே அளவு நல்லவையாகத் தோன்றும்படி அமைத்திருப்பதுதான் இதன் சாமர்த்தியம். 'நீங்கள் ஒத்துழைப்பவரா?' என்று நேராகக் கேட்டால், இல்லை என்று யார் சொல்லப் போகிறார்கள்?

இந்த அமைப்பிலேயே ஒரு சிக்கலும் உண்டு. ஒரு போக்குக்கு அதிகபட்சம் 12, எல்லாம் சேர்ந்து எப்போதும் 30 என்பதால், ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரும். ஆகவே ஒத்துழைத்தலில் குறைவாக வாங்கியவர் ஒத்துழைக்கத் தெரியாதவர் என்று பொருளாகாது. மற்றவற்றை அடிக்கடி தேர்ந்தார் என்பதே பொருள். எங்களுக்கு வந்த பயிற்சியாளர் இதை விளக்காமலேயே 'நீங்கள் போட்டி ரகம், இவர் விலகும் ரகம்' என்று ஆளுக்கொரு முத்திரை குத்தத் தொடங்கியது எரிச்சலூட்டியது.

ஆனாலும் அன்று ஒரு நல்லது நடந்தது. லைனில் எல்லோரையும் விடச் சத்தமாகப் பேசும் உற்பத்திச் சூப்பர்வைசருக்கு, விலகிப்போதலில்தான் மதிப்பெண் அதிகமாக வந்தது. அறையில் சிரிப்பு எழுந்தது. பிறகு அவரே, "மேனேஜரை மனதில் வைத்துத்தான் டிக் போட்டேன் சார், அவரிடம் நான் வாயே திறப்பதில்லை" என்றார். மதியம் ஷிப்டு மாறும் நேரத்தில் தரப்பிரிவினர் ஒரு லாட்டை, அதாவது ஒரு தொகுதிப் பாகங்களை, ஹோல்டில் நிறுத்தி வைத்துவிட்டால், அன்றைய எண்ணிக்கை குறைந்ததற்கு மேனேஜரிடம் பதில் சொல்ல வேண்டியவர் இந்தச் சூப்பர்வைசர்தான். மேலே சொல்ல முடியாததைத் தரப்பிரிவுச் சூப்பர்வைசரான அம்மாவிடம் கொட்டிவிடுகிறார். அந்த அம்மாவோ, வாடிக்கையாளர் பாகத்தைத் திருப்பி அனுப்பினால் விளக்கக் கடிதம் எழுதப்போவது தாம்தானே என்று கேட்டார். இருவரும் ஒருவர் நெருக்கடியை மற்றவர் காது கொடுத்துக் கேட்டது அன்றுதான்.

யாரோடு மோதும்போது என்று தாள் பிரித்துக் கேட்பதில்லை. இதுவே நான் கண்ட பெரிய குறை. மேலதிகாரி, சக ஊழியர், கீழே வேலை செய்பவர் என மூவரிடமும் நம்மில் பெரும்பாலோர் மூன்று விதமாக நடக்கிறோம். குழுவுக்குள் எப்படி, வெளியே எப்படி என்று இருமுறை நிரப்பச் சொல்லும் வழியைக் கில்மனே பின்னாளில் பரிந்துரைத்திருக்கிறார். எங்கள் பயிற்சியாளர் அதைச் செய்யவில்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பூசல் தணிந்தது கேள்வித்தாளால் அன்று. பாகத்தின் ஓரத்தில் எவ்வளவு பிசிறு இருந்தால் ஏற்கலாம் என்பதற்கு இரு பிரிவும் ஒப்புக்கொண்ட மாதிரி எதுவும் லைனில் இருந்ததில்லை. அவரவர் கண்ணளவே அளவு. ஏற்கத்தக்கது, தள்ளத்தக்கது என இரண்டு மாதிரிகளை இரு தரப்பும் கையெழுத்திட்டு மேசையருகே மாட்டிய பிறகு வாக்குவாதம் பெருமளவு குறைந்தது. குணத்தை மட்டும் அளக்கும் கருவி, வேலை அமைப்பிலுள்ள ஓட்டையைக் காட்டாது. தாளை மட்டும் நம்பியிருந்தால் இருவருக்கும் பொறுமை பற்றிப் பாடம் நடத்தியிருப்போம்.

பாலியல் தொல்லை, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துதல் போன்றவற்றைக் 'கருத்து மோதல்' என்று பெயரிட்டு இந்தத் தாளுக்குள் தள்ளவே கூடாது. பாலியல் தொல்லைப் புகார்களுக்கு, 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அங்கே 'நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்' என்பது தீர்வாகாது, அநீதியாகும்.

தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவதால், ஆலை முழுவதற்கும் நடத்துவது வீண் செலவு. அடிக்கடி உரசிக்கொள்ளும் இரு பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கு மட்டும், நிரப்பிய பின் இருவர் இருவராகப் பேச அரை நாளாவது ஒதுக்கி நடத்துவதானால் வாங்கலாம். மதிப்பெண் தாள் அவரவர் கையிலேயே இருக்க வேண்டும் என்றும், ஆண்டு மதிப்பீட்டுக் கோப்பில் அது சேராது என்றும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் நிர்வாகம் விரும்பும் விடையைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.