நான்கு ஆண்டுத் திட்டமும் ஒரு ஜனவரி அமர்வும்: பாடத் தேர்வு ஆலோசனைச் சேவை பற்றிய மதிப்பீடு

கலிஃபோர்னியாவில் எங்கள் மகள் 8ஆம் வகுப்பை முடிக்கும் தறுவாயில், உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளுக்கும் பாடங்களைத் திட்டமிட்டுத் தரும் தனியார் ஆலோசனைச் சேவை ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தோம். நானும் என் கணவரும் தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் சேரும்போது ஒரே ஒருமுறை குரூப் எடுத்தவர்கள். ஆண்டுதோறும் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் இந்த முறை எங்களுக்கு அச்சத்தையே தந்தது. மகள் இப்போது 12ஆம் வகுப்பில் இருக்கிறாள்.

முதல் அமர்வில் கிடைத்த நான்கு ஆண்டு அட்டவணை எனக்கு ஏமாற்றமே. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்குக் கேட்கும், ஏ-ஜி எனப்படும் 15 உயர்நிலைப் பள்ளிப் பாடங்களும், அவற்றுள் 11 பாடங்களை 11ஆம் வகுப்பு முடிவதற்குள் படித்திருக்க வேண்டும் என்ற விதியும் அதில் சரியாகவே இருந்தன. ஆனால், 10ஆம் வகுப்பில் குறித்திருந்த ஓர் ஏபி பாடத்தை (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம்) எங்கள் பள்ளியில் 11ஆம் வகுப்புக்கு முன் எடுக்கவே முடியாது. மூன்றாண்டு மொழிப்பாடம் நல்லது என்று பல்கலைக்கழகமே பரிந்துரைத்திருக்க, குறைந்தபட்சத் தேவையான இரண்டாண்டோடு ஸ்பானிஷை நிறுத்தியிருந்தார்கள். பள்ளியின் பாடப் பட்டியலை ஒருமுறை பார்த்திருந்தால் முதல் தவறாவது நேர்ந்திராது.

அதே சேவையின் மற்றொரு ஆலோசகர் 10ஆம் வகுப்பின் ஜனவரியில் நடத்திய அமர்வு முற்றிலும் வேறாக இருந்தது. பள்ளியில் பாட விண்ணப்பப் படிவம் கொடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அது நடந்தது. எங்களை வெளியே அமரச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகப் பேசிய அவர், மார்ச்சிங் பேண்ட் பயிற்சி, வீட்டுப்பாடம், உறக்கம் என்று அவளுடைய ஒரு வாரத்தை மணிக்கணக்கில் அவளையே எழுத வைத்தார். அடுத்த ஆண்டுக்கு அவள் ஐந்து ஏபி பாடங்களைக் குறித்திருந்தாள்; ஜிபிஏ என்னும் மதிப்பெண் சராசரி உயரும் என்பதுதான் காரணம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தகுதிக்காகக் கணக்கிடும் ஜிபிஏவில் 10, 11ஆம் வகுப்பு மதிப்பெண்களே சேரும் என்பதையும், ஏபி பாடங்களுக்கும் ஹானர்ஸ் எனப்படும் கடினமான நிலைப் பாடங்களுக்கும் உள்ள கூடுதல் புள்ளி, ஒரு பாடத்தின் ஓர் அரையாண்டை ஒன்றாக எண்ணினால், எட்டு அரையாண்டுகளுக்கு மேல் கிடைக்காது என்பதையும், அவற்றிலும் 10ஆம் வகுப்பிலிருந்து நான்குதான் எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும் அவர் தாளில் போட்டுக் காட்டினார். வேதியியலையும் கணினி அறிவியலையும் சாதாரண நிலைக்கு மாற்றிக்கொண்டு, கேல்குலஸ், அமெரிக்க வரலாறு, ஆங்கிலம் ஆகிய மூன்றை மட்டும் ஏபியாக வைத்துக்கொள்ளும் முடிவை மகளே எடுத்தாள். மறு ஆண்டு மே மாதத்தில் ஏபி தேர்வுகள் அடுத்தடுத்து வந்தபோது அவள் இரவில் உறங்கினாள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த பணம் எனக்குச் சிறிதும் உறுத்தவில்லை.

இந்த விதிகள் எல்லாம் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, எந்தப் பாடத்துக்கு முன் எதை முடித்திருக்க வேண்டும் என்பதைப் மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளியின் கவுன்சிலரே சொல்லிவிடுவார். ஆகவே நான்கு ஆண்டுத் தொகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனி அமர்வுகளையும் இதே நிறுவனம் நடத்துவதால், 9ஆம் வகுப்பில் இருக்கும் மகனுக்கு அடுத்த ஆண்டு ஜனவரியில் ஒன்றை மட்டும், அதுவும் அந்த ஆலோசகரிடமே, கேட்டிருக்கிறோம்.