இரண்டெழுத்து லோகோவுக்கு 18,500 ரூபாய் பறிகொடுத்தேன்: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று இரவு அந்த வடிவமைப்பாளர் என் எண்ணை வாட்ஸ்அப்பில் தடை செய்துவிட்டார். அதோடு என் 18,500 ரூபாயும் போயிற்று. சிறுதொழில் தொடங்கும் வேறு யாரும் இதே குழியில் விழக் கூடாது என்பதற்காகக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். இரண்டு முதலெழுத்துகளைக் கொண்டு எளிய மோனோகிராம் லோகோவை எப்படிச் செய்து வாங்குவது என்பதையும் இறுதியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சென்னிமலை. அப்பா குழித்தறியில் போர்வை நெய்தவர். அம்மா அவருக்கு ஊடைநூலைத் தாரில் சுற்றிக் கொடுத்தவர். இருவரும் இன்று இல்லை. நானும் என் தங்கையும் போர்வைகளையும் துண்டுகளையும் இணையத்தின் வழியே நேரடியாக விற்கலாம் என்று முடிவு செய்தபோது, அப்பா பெயரின் ‘ப’வும் அம்மா பெயரின் ‘ம’வும் சேர்ந்ததே எங்கள் அடையாளமாக இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டாவது பேச்சே இருக்கவில்லை.

நான் ஒன்றும் தெரியாமல் போய் நிற்கவில்லை. மோனோகிராம் என்பது எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதன்று, ஒன்றின் கோட்டை மற்றொன்று பகிர்ந்துகொள்ளும்படி இணைப்பது என்று படித்திருந்தேன். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், அகன்ற ஆங்கில ‘ஏ’ எழுத்தின் கால்களுக்கிடையே ‘டி’யைப் பொருத்தித் தம் ஓவியங்களில் இட்டார். ஃபோக்ஸ்வாகன் காரின் முகப்பில் ‘வி’யின் கீழே ‘டபிள்யூ’ நிற்கிறது. நம் ‘ப’வும் ‘ம’வும் இதற்கென்றே பிறந்தவை போன்றவை. இரண்டுமே இடப்பக்க நேர்க்கோட்டில் தொடங்கி அடிக்கோட்டில் ஓடுகின்றன. வலப்பக்கத்தில் ‘ப’ நேராக நின்றுவிட, ‘ம’ மட்டும் வளைந்து சுழிகிறது. அந்த இடப்பக்கக் கோட்டையும் அடிக்கோட்டையும் பொதுவாக்கி, வலப்பக்கத்தில் மட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டினால் போதும் என்று, நான் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தே வைத்திருந்தேன். இரண்டு செண்டிமீட்டர் அகலமுள்ள நெய்த லேபிளில் ஒரே நிற நூலில் தெளிவாக விழ வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

வடிவமைப்பாளர்களையும் வாடிக்கையாளர்களையும் இணைத்துவைக்கும் ஓர் இணையத்தளத்தில்தான் அவரைப் பிடித்தேன். ஐந்து நட்சத்திரங்களும் புகழ்ச்சியான கருத்துகளும் வரிசையாக இருந்தன. ஆனால் நான் நம்பியது அவற்றால் அன்று. என் பென்சில் படத்தை அனுப்பிய கால் மணி நேரத்தில் அவரே அழைத்தார். “அக்கா, எங்கம்மாவும் தறிக்குப் போனவங்கதான். இதை நான் காசுக்காகப் பண்ணலைங்க, எங்க வீட்டு வேலையா நெனச்சுப் பண்ணித் தர்றேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்தேன். தறியைப் பற்றி என்னிடம் பேசிய ஒருவரைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

முதல் தவணையான 6,500 ரூபாயைத் தளத்தின் வழியே கட்டினேன். வேலையைப் பெற்றுக்கொண்டதாக நான் பொத்தானை அழுத்தும்வரை அந்தப் பணம் தளத்திடமே இருக்கும். மீதி 12,000 ரூபாயைத் தளத்தின் வழியே கொடுத்தால் தரகுத்தொகையாகவே பாதி போய்விடும் என்று சொல்லித் தம் யூபிஐ எண்ணுக்கே நேரடியாக அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். நான்காம் நாள் இரவு பத்தரை மணிக்கு மாதிரி வந்தது. தமிழ் எழுத்துகள் இல்லை. ஆங்கிலப் ‘பி’யும் ‘எம்’மும் ஒரு வட்டத்துக்குள் பின்னிக்கொண்டிருந்தன. கேட்டதற்கு, தமிழில் போட்டால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, பழைய தோற்றமாகிவிடும், தமிழ் வடிவத்தைக் கூடுதலாகப் பிறகு தருகிறேன் என்றார். விடிவதற்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் தம் மதிப்பெண் குறைந்துவிடும் என்று கெஞ்சினார். நான் கைபேசித் திரையில் மட்டும் அதைப் பார்த்துவிட்டு, கோப்புகளைத் திறந்துகூடப் பார்க்காமல் அழுத்தினேன். மொத்தம் 18,500 ரூபாய், அந்த ஒரு நொடியோடு என் கையை விட்டுப் போனது.

மறுநாள் திருப்பூரில் லேபிள் நெய்பவரிடம் அனுப்பினேன். “இது வெறும் படம்ங்க, வெக்டர் இல்லை” என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாதபடி கோடுகளாகவே சேமித்த படம்தான் வெக்டர். பிடிஎஃப் என்று பெயர் வைத்த கோப்புக்குள் புள்ளிகளால் ஆன சிறிய பிஎன்ஜி படம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. எட்டு மடங்கு பெரிதாக்கியபோது ஓரங்கள் படிக்கட்டுப் படிக்கட்டாக உடைந்தன. அதைவிடப் பெரிய அடி ஈரோட்டில் காத்திருந்தது. வணிகக் குறியைப் பதிவு செய்து தரும் முகவர் அந்தப் படத்தை இணையத்தில் போட்டுத் தேடினார். அதே வட்டம், அதே ‘பி’, அதே ‘எம்’, ஆயத்த வார்ப்புருக்களை விற்கும் ஒரு தளத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடக்கிறது. ஓர் உடற்பயிற்சிக் கூடமும் ஒரு புகைப்பட நிலையமும் ஏற்கெனவே அதைப் பயன்படுத்துகின்றன. என் பெற்றோரின் பெயர் என்று நான் கொடுத்ததற்கு வடிவமைப்பாளர் செய்த வேலை, நிறத்தை மாற்றியது மட்டுமே.

அதன் பிறகு பதினோரு நாட்கள் அலைக்கழித்தார்கள். வடிவமைப்பாளர் முதலில் ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அடுத்து மடிக்கணினி பழுது. அதற்கடுத்து, மூலக் கோப்பு வேண்டுமானால் இன்னும் 4,000 ரூபாய் என்றார். தளத்தின் உதவிப் பிரிவிலோ ஒவ்வொரு முறையும் வேறொரு பெயர் வந்து அதே பதிலை ஒட்டியது: நீங்கள் வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள், 12,000 ரூபாய் வெளியே கொடுத்தது எங்கள் விதிக்குப் புறம்பானது. மூன்றாம் முறை, நீங்கள் வணிகத்துக்காக வாங்கியதால் நுகர்வோர் ஆகமாட்டீர்கள் என்றும் எழுதினார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அந்தத் தொழிலுக்கென மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கம் என்று கொள்ளக் கூடாது என 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது என்று பதில் எழுதினேன். புகாரை “தீர்க்கப்பட்டது” என்று மூடிவிட்டார்கள். எதைத் தீர்த்தார்கள்? என் 18,500 ரூபாயையா?

விளக்கமாகச் சொல்கிறேன் என்று மேலே எழுதினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசியமானதை மட்டும் சொல்கிறேன். கைபேசியில் பார்த்து எதையும் ஏற்காதீர்கள். எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பை வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் திறந்து, கோடுகளைத் தனித்தனியே பிடித்து இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். வெறும் கறுப்பில், கட்டைவிரல் நகத்தின் அளவில் அச்சிட்டுப் பாருங்கள். படத்தை வைத்து இணையத்தில் தேடுங்கள். காசு கொடுத்ததாலேயே படத்தின் உரிமை உங்களுடையதாகிவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும், கால வரையறை எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் அன்றே இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். நான் பன்னிரண்டு நாள் பொறுத்தது தவறு.

1930இல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். யூபிஐ ரசீதும் உரையாடல்களின் படங்களும் ஒரு கோப்புறையில் இருக்கின்றன. திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். பென்சில் படத்தைத் தங்கை இங்க்ஸ்கேப்பில் மீண்டும் வரைந்துகொண்டிருக்கிறாள். முதல் 200 துண்டுகள் லேபிள் இல்லாமல்தான் போகின்றன.