இசப்கோலும் நானும்: மூன்று வருட அனுபவம்

பேருந்து ஓட்டுகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தண்ணீர் குடிக்க மாட்டோம். நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கழிவறைக்கு ஓட முடியாதே! முனையம் வந்து சேரும்வரை வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. பதினொரு வருடம் இப்படியே ஓட்டியதில் மலச்சிக்கல் நிரந்தரமாகவே என்னோடு தங்கிவிட்டது.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். மனைவிதான் இங்கே தேக்கா சந்தைப் பக்கம் போனபோது இசப்கோல் உமி ஒரு பெட்டி வாங்கி வந்தார். குஜராத், ராஜஸ்தானில் விளையும் ஒரு சின்னச் செடியின் விதைத்தோல் அது. தாத்தா காலத்துப் பொருள், இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று முதல் நாளே இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் குடித்தேன். மறுநாள் வயிறு மத்தளம். வாயு வேறு. குளிர்சாதனப் பேருந்தில் சன்னலைத் திறக்கவும் வழியில்லை, பின்னால் நாற்பது பேர். அதற்குமேல் சொல்ல வேண்டாம். அப்புறம் ஒரு தேக்கரண்டிக்குக் குறைத்து, வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டியதும் வயிறு பழகிக்கொண்டது. இது பேதி மாத்திரை மாதிரி ராத்திரி போட்டால் காலையில் தள்ளிவிடும் சமாச்சாரம் இல்லை. பலன் தெரிய அரை நாளும் ஆகலாம், மூன்று நாளும் ஆகலாம். அவசரப்பட்டு அளவைக் கூட்டுவதில்தான் பாதி அவதி.

மீதி அவதி எனக்கு ஒரு விடிகாலையில் வந்தது. முதல் பேருந்து என்னுடையது. நேரமாகிவிட்டது என்று உமியை வாயில் கொட்டி, இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். மின்தூக்கி கீழே இறங்குவதற்குள் நெஞ்சுக்கு நடுவில் ஏதோ அடைத்துக்கொண்டது. எச்சில்கூட இறங்கவில்லை. தண்ணீர் குடித்தால் அப்படியே திரும்பி வந்தது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக் கல் இருக்கையில் உட்கார்ந்து இருபது நிமிடம் வியர்த்துக் கொட்டியது. கடைசியில் குமட்டி, கொழகொழவென்று ஒரு உருண்டை வெளியே வந்து விழுந்தது. அன்று வேலைக்குப் போகவில்லை. நான் செய்தது அசட்டுத் துணிச்சல் என்று மருத்துவர் பிறகு திட்டினார். சாப்பிட்டதும் நெஞ்சு வலித்தால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால், வாந்தி வந்தால், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டுமாம்.

நம்பாதவர்கள் ஒரு கோப்பையில் ஒரு கரண்டி உமியைப் போட்டு, கால் கோப்பை தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்துக் கவிழ்த்துப் பாருங்கள். நான் பார்த்தேன். சட்டென்று விழாது, கோப்பையோடு ஒட்டிக்கொண்டு தொங்கும். அதே வேலை தொண்டைக்குள் நடந்தால்? பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் 240 மில்லி தண்ணீர் கணக்கு எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அமெரிக்காவில் 2007இல் குருணையாக வரும் இசப்கோல் மலமிளக்கிகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் விற்கக்கூடாது என்று நிறுத்தியதற்கும் காரணம் இந்த உணவுக்குழாய் அடைப்புதான்.

தண்ணீர் குறைந்தால் குடலிலும் இதே கதை. சிக்கல் தீர்வதற்குப் பதிலாக இறுகிப் போகும். அதனால் இப்போது வேலை நாட்களில் காலையில் தொடுவதே இல்லை. வீட்டுக்கு வந்தபின், பெரிய கோப்பை நிறையத் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு கோப்பை. படுக்கப்போகும் நேரத்தில் குடிப்பதில்லை.

மனைவியின் அனுபவம் வேறு மாதிரி. அவருக்குத் தைராய்டு மாத்திரை உண்டு. நான் குடிப்பதைப் பார்த்து அவரும் காலையில் மாத்திரையோடு சேர்த்தே குடிக்க ஆரம்பித்தார். அடுத்த ரத்தப் பரிசோதனையில், தைராய்டு சுரப்பு போதவில்லை என்றால் ஏறும் டிஎஸ்ஹெச் அளவு ஏறியிருந்தது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்), "புதுசா ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டதும் இவருக்கு இசப்கோல் நினைவே வரவில்லை. அது மருந்தே இல்லையே! நான்தான் பக்கத்திலிருந்து, "அந்த உமியைச் சொல்லும்மா" என்றேன். மாத்திரை உடம்பில் சேர்வதை நார்ச்சத்து தடுக்கக்கூடும் என்றார்கள். இப்போது காலையில் மாத்திரை, சாயங்காலம் உமி. அடுத்த பரிசோதனையில் எண் இறங்கிவிட்டது. மற்ற மருந்துகளுக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொன்னார்கள். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது, சர்க்கரை எதிர்பார்த்ததைவிட இறங்கலாம். ஆரஞ்சு வாசனைப் பொடி வாங்கினால் அதில் எவ்வளவு சீனி என்பதையும் பாருங்கள்.

பொடியை டப்பாவுக்கு மாற்றும்போது எழும் தூசியை இழுக்காதீர்கள். இதைக் கையாளும் தாதியருக்கே ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் வந்ததுண்டு.

இவ்வளவு பட்டும் நான் நிறுத்தவில்லை. காலைப் போராட்டம் ஓய்ந்துவிட்டது. கெட்ட கொழுப்பும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மாத்திரை அளவுக்கு இல்லை. ஆனால் பக்கவாதம் வந்த என் மாமனார் போன மாதம், "மாப்பிள்ளை, எனக்கும் ஒரு ஸ்பூன் கலக்கிக் குடுங்க" என்றபோது கொடுக்கவில்லை. அவருக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறும். "டாக்டர் சொல்லட்டும் மாமா" என்று தள்ளிப் போட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். அன்று மாலை சந்தையில் நன்றாகப் பழுத்த பப்பாளி ஒன்று வாங்கி வந்து, மசித்துக் கொடுத்தேன்.