மோதும் முன் என்ன வேகம்? தடம், கேமரா, வீச்சு, உந்தம்: எதை நம்பலாம்?

தமிழ்நாட்டு விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற தொடரை அடிக்கடி பார்க்கலாம். எவ்வளவு வேகம் என்ற எண்தான் இருக்காது. சாலையைக் கடந்தவர் மீது மோதிய கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்ததா, 75-ல் வந்ததா என்பது இறந்தவரின் குடும்பத்துக்கும் பெரிய கேள்வி, ஸ்டீயரிங் பிடித்தவருக்கும் பெரிய கேள்வி. பிளஸ் டூ இயற்பியலே விடை தரக்கூடிய கேள்வியும்கூட. வழிகள் பல உண்டு. பாடநூல்கள் பெரும்பாலும் இரண்டு கார்கள் மோதுவதை வைத்துக் கணக்குச் சொல்லித் தருகின்றன. சேலத்துச் சாலைகளில் பஸ்ஸும் பைக்கும், லாரியும் மொபெட்டும், காரும் பாதசாரியும் மோதுகின்றன. அதனால் வழிகளின் தரவரிசை இங்கே மாறிவிடுகிறது.

என் கணிப்பில் முதலிடம் பிரேக் தடத்துக்கு. சக்கரம் பூட்டிக்கொண்டு தார்ச்சாலையில் இழுபடும்போது, வண்டியின் இயக்க ஆற்றல் உராய்வில் கரைகிறது. வேகத்தின் வர்க்கம் = 2 × உராய்வுக் குணகம் × 9.81 × தடத்தின் நீளம். உராய்வுக் குணகம் என்பது சாலை டயரை எவ்வளவு பற்றுகிறது என்று சொல்லும் எண், 9.81 புவியீர்ப்பு முடுக்கம். இந்தச் சமன்பாட்டில் நிறை அடிபட்டுப் போகிறது. வண்டி எத்தனை டன் என்று தெரியாமலே கணக்குப் போடலாம். சீலநாயக்கன்பட்டி பைபாஸ் போன்ற சமதளத்தில், காய்ந்த சாலையில், ஒரு கார் 20 மீட்டர் இழுபட்டு நின்றது என்று வைத்துக்கொள்வோம். உராய்வுக் குணகம் 0.7 என்றால் விடை நொடிக்கு 16.6 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டர். அதே தடம் மழை நனைத்த சாலையில் 0.45 குணகத்தோடு விழுந்திருந்தால் 48 கிலோமீட்டர்தான்.

சாய்வு இந்த அளவுக்குப் படுத்துவதில்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 6 சதவீதச் சரிவு உள்ள ஓரிடத்தில் அதே 20 மீட்டர் தடம் இறக்கத்தில் 57, ஏற்றத்தில் 62 என்று வரும். அதனால் மலைப்பாதை வழக்குகளில் சரிவைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவதைவிட, அன்று காலை பனி இறங்கியிருந்ததா, சாலையில் இலைச்சருகு கிடந்ததா என்று கேட்பது பயன் தரும்.

குணகத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் அந்த இடத்திலேயே அளப்பது நல்லது. பழைய டயர்த் துண்டு ஒன்றில் சிமென்ட் நிரப்பி எடை போட்டுக்கொள்ள வேண்டும். அதில் கொக்கி மாட்டி, தரைக்கு இணையாக ஸ்பிரிங் தராசால் சீராக இழுக்க வேண்டும். 10 கிலோ துண்டை இழுக்கத் தராசு 7 கிலோ காட்டினால் குணகம் 0.7. முள் நிலையாக நிற்காது, ஆடும். பலமுறை இழுத்து, கீழ் எண்ணையும் மேல் எண்ணையும் குறித்துக்கொண்டு, வேகத்தை இரண்டுக்கும் இடைப்பட்டதாகச் சொல்ல வேண்டும். ஒற்றை எண் சொல்லும் நிபுணரை நான் நம்பமாட்டேன்.

பிரேக் தடத்தில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது பைக். பதற்றத்தில் பலர் காலால் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். அப்போது கிடைக்கும் வேகக் குறைப்பு 0.4 குணகத்தை ஒட்டியே இருக்கும். 20 மீட்டர் தடத்துக்கு 0.7 போட்டுவிட்டால், 45-ல் வந்த இளைஞர் 60-ல் வந்தவராகிவிடுவார். இரண்டாவது ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு அது கட்டாயம், கார்களுக்கும் அப்படியே. சக்கரம் பூட்டாததால் தடம் மங்கலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. தடம் இல்லை என்பதற்காக ஓட்டுநர் பிரேக்கே போடவில்லை என்று எழுதுவது அநியாயம்.

தடத்துக்குப் பிறகு மோதலும் நடந்திருந்தால் வேகங்களைக் கூட்டக் கூடாது, வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். 60-க்கு உரிய தடம் பதித்தபின் 40-ல் மோதிய வண்டி 100-ல் வரவில்லை, 72-ல் வந்தது.

கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தனிக் கணக்கு. ஏற்காட்டுப் பாதையில் இருபது வளைவுகள் இருக்கின்றன. 18 மீட்டர் ஆரத்தில் திரும்பும் வண்டி, 0.7 குணகத்தில், சுமார் 40 கிலோமீட்டரைத் தாண்டினால் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். வெளிப்புறம் உயர்த்திய சாலையென்றால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆகவே வளைவின் நடுவில் ஒழுங்காகத் திரும்பிக்கொண்டிருந்த வேன் 80-ல் வந்தது என்று சாட்சி சொன்னால், அது நடக்காத காரியம் என்று இயற்பியலே சொல்லிவிடும். வேகத்தைக் கண்டுபிடிக்க இந்த வழி அதிகம் உதவாது. பொய்யை விலக்க நன்றாக உதவும்.

பாதசாரி வழக்குகளில் பிரேக் தடம் இல்லாவிட்டால் வீச்சுத் தூரம் கைகொடுக்கும். அடிபட்ட இடத்திலிருந்து உடல் கிடந்த இடம் வரை அளந்து, 1983-இல் வெளியான, சியர்ல் என்ற ஆய்வாளரின் சூத்திரத்தில் போடுவார்கள். தூரம் 20 மீட்டர், உடலுக்கும் சாலைக்கும் உராய்வு 0.66 என்றால் குறைந்தபட்சம் 48, அதிகபட்சம் 58 கிலோமீட்டர். வண்டி ஒரு பக்கமாக உரசிப் போயிருந்தால் வண்டியின் உண்மை வேகம் இதைவிட அதிகமாகவும் இருக்கலாம். இந்த முறையின் பலவீனம் கணக்கில் இல்லை. உதவ ஓடி வந்தவர்கள் அடிபட்டவரைத் தூக்கிவிடுவார்கள், தூக்கத்தான் வேண்டும். அதன்பின் அவர் கிடந்த இடத்துக்கு ரத்தக்கறையும் செருப்பும்தான் சாட்சி. செருப்பு தனியாகப் பறக்கும் என்பதால் அதை வைத்து அளக்கக் கூடாது.

கேமராவுக்கு இரண்டாம் இடம். கடைகளின் கண்காணிப்புக் கேமராக்கள் பெருகியபின் எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான். ஆனால் படம் இருக்கிறது என்றதும் வேகம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். சாலையில் 9 மீட்டர் இடைவெளியுள்ள இரண்டு குறிகளை வண்டி 10 பிரேமில் கடக்கிறது என்போம். பதிவு நொடிக்கு 15 பிரேம் என்றால் வேகம் சுமார் 49 கிலோமீட்டர். கேமராவின் பதிவுப் பெட்டி அமைப்பில் 25 என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பினால் 81 ஆகிவிடும். ஒரே படம், ஒரே வண்டி, ஒருவர் சிறைக்குப் போகும் அளவு வேறுபாடு! பிரேமை எண்ணுவதில் ஒன்று பிசகினாலே 44-க்கும் 54-க்கும் இடையில் ஊசலாடும். நீளமான தூரத்தை எடுத்துக்கொண்டால் இந்தப் பிழை சுருங்கும். உண்மையான பிரேம் வேகம் தெரிந்த பதிவு கிடைத்தால், ஏபிஎஸ் வண்டிகளுக்குத் தடத்தைவிடக் கேமராவையே எடுத்துக்கொள்வேன்.

மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் (நிறை × வேகம்) மாறாது என்ற நேர்க்கோட்டு உந்த அழிவின்மை விதி வகுப்பறையில் அழகு. எடை ஏறத்தாழ ஒத்த இரண்டு கார்கள் சந்திப்பில் குறுக்காக மோதினால் அருமையான விடை தரும். பைக்கும் பஸ்ஸும் என்றால் கைவிட்டுவிடும். 15 டன் பஸ்ஸின் வேகத்தில் வெறும் 1 கிலோமீட்டர் சந்தேகம் இருந்தால், ஆளோடு சேர்த்து 180 கிலோ உள்ள பைக்கின் வேகத்தில் அது 83 கிலோமீட்டர் சந்தேகமாக மாறும். அப்படி வந்த எண்ணை நீதிமன்றத்தில் வைக்கவே கூடாது.

நசுங்கிய ஆழத்தை வைத்து வேகம் சொல்லும் முறையைக் கடைசியில் வைக்கிறேன். அதற்கு அந்த மாடல் எவ்வளவு விறைப்பானது என்று மோதல் சோதனைகள் சொல்லியிருக்க வேண்டும். கரூரில் பாடி கட்டிய பஸ்ஸுக்கும் திருச்செங்கோட்டில் பாடி கட்டிய லாரிக்கும் வெளிநாட்டுக் கார் அட்டவணையைப் பொருத்த முடியாது. கிடைக்கும் விடையும் மோதலில் ஏற்பட்ட வேக மாற்றம்தான், வந்த வேகம் அல்ல.

சில கார்களில் மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகத்தைப் பதியும் கருவி இருக்கிறது. அமெரிக்க விதி பல ஆண்டுகள் 5 நொடிப் பதிவைக் கேட்டது. கிடைத்தால் பொக்கிஷம். ஆனால் அது சக்கரம் சுற்றும் வேகத்தைத்தான் பார்க்கிறது. சக்கரம் பூட்டி வழுக்கிய நொடிகளில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அளவு முதல் சில மணி நேரத்திலேயே எடுக்கப்பட வேண்டும். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பார்வை மகஜரோடு இணைக்கும் மாதிரி வரைபடத்தில் "சுமார் 20 அடி தூரத்தில்" என்று எழுதினால் எந்தச் சூத்திரமும் உதவாது. மைல்கல் அல்லது மின்கம்பத்திலிருந்து டேப் பிடித்து, தடத்தின் தொடக்கம், முடிவு, வண்டி நின்ற இடம் மூன்றையும் மீட்டரில் குறித்து, டேப் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். கேமராப் பதிவுப் பெட்டிகள் பழையதை அழித்துப் புதியதை எழுதுபவை என்பதால் பதிவை அன்றே நகலெடுக்க வேண்டும். பெட்டி காட்டும் நேரத்தையும் கைப்பேசி காட்டும் நேரத்தையும் மகஜரில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அதே கேமராவின் முன் ஒரு நிமிடம் ஸ்டாப்வாட்ச் ஒன்றைக் காட்டிப் பதிந்துகொண்டால், நொடிக்கு எத்தனை பிரேம் என்ற சண்டை பிறகு எழாது.