சிறுகண் புல்வலை: எடை கூடிய குதிரை வைத்திருப்பவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காய்ந்த புல்லை அடைத்துத் தொங்கவிடும், சின்னத் துளைகள் (கண்கள்) உள்ள இந்த வலையை வாங்கலாம். குதிரைக்கு எடை கூடிவிட்டது, மருத்துவர் தீனியைக் குறைக்கச் சொல்லிவிட்டார், குறைத்துப் போட்ட புல்லையும் அது மளமளவென்று தின்றுவிட்டு மீதி நேரமெல்லாம் லாயத்துக் கதவைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. இதுதான் உங்கள் நிலைமை என்றால், இதைவிடப் பயன்படும் பொருள் ஒன்றை நான் பார்க்கவில்லை. கூடவே ஒரு தொங்கு தராசும் வாங்கிவிடுங்கள். தராசு இல்லாவிட்டால் இந்த வலையால் பாதிப் பயன்தான்.

என் குதிரையின் பெயர் பவளம். செம்பழுப்புப் பெண் குதிரை, குணத்தில் தங்கம். கொஞ்சம் தின்றாலும் உடம்பில் ஒட்டிவிடும் வாகு அவளுக்கு. பிடரியின் மேல்விளிம்பு தடித்து, கையால் பிடித்து அசைத்தால் கெட்டியாக நின்றது. விலா எலும்பைத் தேடி விரலை அழுத்த வேண்டியிருந்தது. வால் முளைக்கும் இடத்தைச் சுற்றி மெத்தென்று கொழுப்பு. குதிரையின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னெகி அளவுகோல் ஒன்று 1983 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 5 நடுத்தரம். 7 என்றால் பருமன். எங்கள் மருத்துவர் பவளத்துக்கு 8 கொடுத்தார். ரத்தத்தில் இன்சுலினையும் சோதித்துப் பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் லேமினைட்டிஸ் வரும் என்று எச்சரித்தார். குளம்புக்குள் அழற்சி ஏற்பட்டு, எலும்பே இடம் பெயர்ந்து, குதிரை ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாமல் தவிக்கும் நோய் அது. ஒரு முறை கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

"அப்படியானால் இரண்டு நாள் பட்டினி போட்டால் சரியாகிவிடாதா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்காதவர் இல்லை. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குதிரையின் வயிற்றில் அமிலம் சுரந்துகொண்டேதான் இருக்கும். ஐந்தாறு மணி நேரம் வாய் சும்மா இருந்தாலே இரைப்பையில் புண் வர வழி செய்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பருத்த குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்பிலுள்ள கொழுப்பு கட்டுக்கடங்காமல் ரத்தத்தில் இறங்கி, ஈரலைக் கெடுத்து, உயிரையே வாங்கிவிடும். போனி எனும் குட்டைக் குதிரை, கழுதை போன்றவற்றுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே தீனியின் அளவு குறைய வேண்டும், மெல்லும் நேரம் குறையக் கூடாது. இந்த வலை செய்வது அந்த இரண்டாவது வேலையைத்தான்.

நான் வாங்கியது முடிச்சில்லாமல் பின்னிய நைலான் வலை. கண் 3 சென்டிமீட்டர் அளவு. நிரப்பினால் நாலு கிலோ காய்ந்த புல் தாராளமாகப் பிடிக்கும். வலையின் வாயை இழுத்துக் கட்டக் கயிறு ஒன்று இருக்கிறது. முடிச்சில்லாதது என்பது முக்கியம். முடிச்சுப் போட்ட வலைகள் மூக்கையும் உதட்டையும் உரசும். நனைந்தால் முடிச்சு இறுகி, கண்ணும் கோணலாகிவிடும்.

கண்ணின் அளவு எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு வேளைப் புல்லைத் தரையில் போட்டால் சுமார் 3 மணி நேரத்தில் தின்று முடித்த குதிரைகள், 4.4 சென்டிமீட்டர் கண் வலையில் 5 மணி நேரமும், 3.2 சென்டிமீட்டர் கண் வலையில் ஆறரை மணி நேரமும் எடுத்துக்கொண்டன. பெரிய கண் வலைக்கும் தரைக்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. கடையில் சும்மா "புல்வலை" என்று கேட்டால் பெரும்பாலும் அந்தப் பெரிய கண் வலையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது இந்த வேலைக்கு உதவாது. அளவுகோலை வைத்து அளந்தே வாங்குங்கள்.

லாயத்தைக் கவனித்துக்கொள்ளும் அண்ணனுக்கு முதலில் இதில் நம்பிக்கையே இல்லை. "வாயில்லாத ஜீவன் தம்பி. ரெண்டு விரலுக்கு மேல நுழையல, இதுல அது எப்படித் திங்கும்?" என்று வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கவலை நியாயமானது. எடுத்த எடுப்பிலேயே முழுத் தீனியையும் சிறுகண் வலைக்குள் அடைத்தால் குதிரை எரிச்சலில் வலையைக் கடித்து இழுக்கும், சில குதிரைகள் தின்பதையே விட்டுவிடும். நாங்கள் பாதிப் புல்லைத் தரையிலும் பாதியை வலையிலும் வைத்துத் தொடங்கினோம். பவளம் முதலில் பல்லால் கவ்வி வலையையே வெடுக்கென்று இழுத்தாள். வலை ஆடி அவள் மூக்கில் வந்து மோதியது. பிறகு மேலுதட்டைக் கண்ணின் மேல் வைத்துத் துழாவி, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் நாலைந்து தாள்களை மட்டும் முன்பல் நுனியால் பிடித்து, தலையை லேசாகப் பக்கவாட்டில் திருப்பி உருவக் கற்றுக்கொண்டாள். ஒரு வாய் எடுத்தால் அதை மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. ஒரு ராத்திரி சுற்று வந்துவிட்டு அண்ணன் சொன்னார்: "இன்னும் மென்னுக்கிட்டேதான் நிக்குது தம்பி. கதவைத் தட்டற சத்தமே இல்லை." அதற்குப் பிறகு வலையை நிரப்பும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

இப்போது தராசு ஏன் என்று சொல்கிறேன். வலை தீனியைக் குறைப்பதில்லை, நேரத்தைத்தான் நீட்டுகிறது. வலையை நிரப்பி நிரப்பிக் கட்டினால், திறமையான குதிரை முன்பு தின்றதையே தின்றுவிடும். எடை குறைய வேண்டிய குதிரைக்கு நாள் ஒன்றுக்கு உடல் எடையில் ஒன்றரைச் சதவீதம் உலர்பொருள் (ஈரம் நீக்கிய தீனியின் எடை) என்பது மருத்துவர்கள் பொதுவாகத் தொடங்கும் கணக்கு. அதற்கும் கீழே இறங்குவது மருத்துவர் பார்வையில் மட்டுமே. 450 கிலோ குதிரைக்கு இது 6.75 கிலோ. காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும், ஆகவே தராசில் ஏழரைக் கிலோவுக்குச் சற்று மேல் நிற்க வேண்டும். கை மதிப்பில் இது வரவே வராது. ஒரே அளவாகத் தெரியும் இரண்டு கட்டுகளைத் தூக்கிப் பாருங்கள், எடை எவ்வளவு மாறுகிறது என்பது புரியும்.

குதிரையின் எடைக்கு மேடைத் தராசு வேண்டியதில்லை. ஒரு அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்ட முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்று 180, நீளம் 165 என்றால் சரியாக 450. இது தோராயம்தான், ஆனால் ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்துவந்தால் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெளிவாகத் தெரியும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் இறங்கினால் போதும். பவளத்துக்கு விலாப்பக்கம்தான் முதலில் இளகியது. பிடரிக் கொழுப்பு பிடிவாதமாக நின்றுவிட்டுக் கடைசியில்தான் வாடத் தொடங்கியது. அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம்.

தானியம், தவிடு, வெல்லப்பாகு கலந்த தீவனம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். அதற்குப் பதில் தாது உப்பும் வைட்டமினும் புரதமும் சேர்ந்த சத்துக் கலவை கொஞ்சம். குறைத்துக் கொடுக்கும் காய்ந்த புல்லில் செம்பு, துத்தநாகம், வைட்டமின் ஈ போதுமான அளவு கிடைப்பதில்லை.

இந்த வலையின் இன்னொரு நல்ல குணம், புல்லை அப்படியே தண்ணீரில் முக்கி ஊறவைக்கலாம். ஊறும்போது சர்க்கரையில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கிவிடும். ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஏறும் தொல்லை உள்ள குதிரைக்கு இது பெரிய உதவி. ஊறவைக்கும் முன்பே எடை போட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் குதிரை குடிக்க விடாமல் கொட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் நீண்ட நேரம் ஊறினால் புளித்த வாடை வரும், அந்தப் புல்லைக் கொடுக்கக் கூடாது. நைலான் என்பதால் வலை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, பூஞ்சை பிடிக்கவில்லை.

குறைகளும் உண்டு. நிரப்புவது பெரும்பாடு. ஒருவர் வாயைப் பிடிக்க, ஒருவர் திணிக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு பெரிய வாளிக்குள் வலையைத் தொங்கவிட்டு, அதன் வாயை வாளி விளிம்பில் மடித்து மாட்டிவிட்டு நிரப்புகிறோம். ஒரே ஆள் போதும். வாய்க் கயிறு மெல்லியது. நனைந்த புல்லின் கனத்தைத் தாங்காமல், கயிறு வலைக்குள் நுழையும் இடத்தில் திரிதிரியாகப் பிரிந்துவிட்டது. வலைப் பின்னல் மட்டும் இன்றுவரை ஒரு கண்கூட அறவில்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

மாட்டும் உயரத்தில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். புல் தீரத் தீர வலை கீழே தொங்கும், குதிரை காலைத் தூக்கி வைத்தால் சிக்கிக்கொள்ளும். லாடம் அடித்த குதிரைக்கு இது இன்னும் ஆபத்து. காலியான வலையின் அடிப்பக்கம் குதிரையின் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே வராதபடி கட்டுங்கள். சுவர் வளையத்தில் நேரடியாகக் கட்டாமல், இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய சணல் கயிறு ஒன்றை இடையில் போடுங்கள். நாங்கள் இரண்டு வலைகளைக் கொட்டடியின் இரண்டு மூலைகளில் மாட்டுகிறோம், தின்பதற்காகவாவது அவள் நடக்கிறாள்.

மேய்ச்சலுக்கு விடும் நேரத்தில் வலை உதவாது. அங்கே, புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் கடிக்கவிடும், அடியில் ஒரு துளை உள்ள வாய்க்கூடை போடுகிறோம். நாள் முழுக்கப் போட்டு வைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க முடிகிறதா, தாடையில் உராய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேய விடுவது விடிகாலையில்தான். வெயில் ஏற ஏறப் புல்லில் சர்க்கரை சேரும், பிற்பகலில் உச்சத்தில் இருக்கும். உறைபனி விழுந்த காலைப் பொழுது மட்டும் விதிவிலக்கு, அன்று காலையிலும் சர்க்கரை அதிகம்.

உடற்பயிற்சியை வலை ஈடுசெய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தீனியைக் குறைத்ததோடு சேர்த்து வேலையும் வாங்கியபோதுதான் பவளத்தின் அளவு நாடா இறங்கத் தொடங்கியது. கையில் பிடித்து நடத்துவதில் ஆரம்பித்தோம், பிறகு மேட்டில் நடை, பிறகு டிராட் எனும் மிதமான ஓட்டம். இப்போது வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல், நடுவில் அதைவிட வேகமான கேன்டர் ஓட்டமும் உண்டு. சிறு வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடவிடுவதை நான் தவிர்க்கிறேன், பாரம் கூடிய உடம்புக்கு அது மூட்டுகளைச் சோதிக்கும். லேமினைட்டிஸ் வந்த குதிரையை மருத்துவர் சரி என்று சொல்லும் வரை கொட்டடியை விட்டு இறக்கவே கூடாது. காலையில் குளம்பைத் தொட்டுப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. சூடு தெரிந்தாலோ, திரும்பும்போது அடி வைக்கத் தயங்கினாலோ அன்றைக்கு வேலை கிடையாது, மருத்துவருக்குத்தான் போன்.

பல் தேய்ந்த கிழக் குதிரைக்கும் குட்டிக்கும் இந்த வலையை வாங்காதீர்கள். கிழக் குதிரைக்கு உருவித் தின்னப் பல் போதாது. குட்டிக்குக் கால் சிக்கும். வலை பார்த்தாலே வெறிகொண்டு கடிக்கும் குதிரைக்கு 4.4 சென்டிமீட்டர் கண் உள்ளதில் தொடங்கிப் பழக்கலாம். மற்றவர்கள் தயங்க வேண்டாம். நான் இன்னும் இரண்டு வாங்கப் போகிறேன். தயாரிப்பவர்கள் அந்த வாய்க் கயிற்றை மட்டும் இரட்டைத் தடிமனில் போட்டு, கயிறு நுழையும் இடத்தில் ஓர் உலோக வளையம் வைத்துக் கொடுத்தால், நனைந்த புல்லோடு தினமும் மல்லுக்கட்டும் லாயங்களில் இந்த வலை வருடக்கணக்கில் உழைக்கும்.