‘பிலிம் டெஸ்டட்’ என்று விற்கும் பழைய கேமரா: கொஞ்சம் உஷாராக இருங்கள்

சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் பழைய பிலிம் கேமரா தேடிக்கொண்டிருக்கும் நண்பர்கள் காசு அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். “ஃபுல் சர்வீஸ், பிலிம் டெஸ்டட்” என்று இணையத்தில் விளம்பரம் போடும் ஒருவரிடம் 680 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து அசாஹி பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ஒன்று வாங்கினேன். கூடவே 55 மி.மீ. சூப்பர் டாகுமார் லென்ஸ், வீட்டிலேயே பிலிம் கழுவ (எடுத்த பிலிமை மருந்தில் போட்டுப் படத்தை வெளிக்கொண்டுவர) ஒரு டேங்க், இரண்டு பாட்டில் மருந்து. சர்வீஸ் செய்ததும் பொய், டெஸ்ட் செய்ததும் பொய், மருந்தோ எப்போதோ செத்துப்போனது. முறையீடு நடந்துகொண்டிருப்பதால் ஆள் பெயரும் கடைப் பெயரும் இங்கே வேண்டாம். ஆனால் அவர் தப்பிக்கப் பிடித்துக்கொண்ட சாக்கு எல்லாருக்கும் தெரிய வேண்டியது: “பிலிமை நீங்களே வீட்ல கழுவினீங்களா பாஸ்? அப்போ அதான் பிரச்சினை.”

ஸ்பாட்மேட்டிக் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1964இல் விற்பனைக்கு வந்த கேமரா, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைத் தவிர வேறு எதற்கும் பேட்டரி கேட்காது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நம்மையே தாண்டி உழைக்கும். ஆனால் பிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் அதன் ஷட்டர் துணித்திரை. அறுபது வருஷக் கிரீஸ் உள்ளே காய்ந்துபோயிருந்தால் வெளியே எவ்வளவு துடைத்தாலும் பயன் இல்லை.

முதலில் மருந்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பார்சலில் வந்தது மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றிய டெவலப்பர். மேலே பேனாவால் ‘டி-76’ என்று அந்த மருந்தின் பெயர் எழுதியிருந்தது. கலக்கிய தேதி இல்லை. மூடியைத் திறந்து பார்த்தால் பாலில்லாத தேநீர் நிறம். புதிதாகக் கலக்கிய டி-76 ஏறக்குறைய தண்ணீர் மாதிரிதான் இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம் என்று, பிலிம் சுருளின் தலைப்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தத் துண்டில் கொஞ்சம் வெட்டி வெளிச்சத்திலேயே ஒரு கிண்ணத்தில் போட்டேன். வெளிச்சம் பட்ட பிலிம் அது; மருந்துக்கு உயிர் இருந்தால் சில நிமிடங்களில் கறுத்துப்போகும். இதுவோ மங்கலான சாம்பல் நிறத்துக்கு மேல் நகரவே இல்லை. அந்தப் பாட்டிலை அப்படியே ஓரம் கட்டிவிட்டு, என்னிடம் இருந்த ஐடி-11 டெவலப்பர் தூளைப் புதிதாகக் கலக்கினேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டையில் இதுதான் எனக்குக் கை கொடுத்தது.

படம் எடுத்தது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில். லயத்து வீடுகள் பாதி காலி. ரப்பர் பால்வெட்டுக்குப் போன தலைமுறையில் மிச்சம் இருப்பவர்கள் ஒன்றுகூடுவது அந்த ஒரு நாளில்தான். பிலிம் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், ஐ.எஸ்.ஓ. 400. நம் ஊர் மத்தியான வெயிலில் அந்தப் பிலிமுக்குச் சரியான அளவு, லென்ஸின் துவாரத்தை எப் 16 என்ற சின்ன அளவுக்கு மூடினால்கூட ஷட்டர் வேகம் 1/500 வினாடி. பின்னணி கொஞ்சம் மங்கலாகட்டும் என்று லென்ஸைத் திறந்தால் 1/1000க்குத்தான் போக வேண்டும். அதாவது, வெளியில் எடுத்த படம் எல்லாமே மேல் இரண்டு வேகத்தில். கோயிலுக்குள் எடுத்தவை மட்டும் 1/60, 1/30.

கழுவிய கதை சுருக்கம். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி. ஒட்டுக்கடையில் ஐஸ் வாங்கி, பேசினில் போட்டு 20 டிகிரிக்கு இறக்கி, மருந்தும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலந்து, இல்ஃபோர்ட் தாளில் உள்ளபடி 13 நிமிடம். அப்புறம் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, தண்ணீர், குளியலறைக் கொடியில் கிளிப். காய்ந்ததும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், வெயிலில் எடுத்த கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறும் கண்ணாடியாக இருக்கிறது; நெகட்டிவில் அப்படி இருந்தால் படத்தில் அந்த இடம் இருட்டுதான். பந்தலுக்கு முன்னால் ஆறு பெண்கள் வரிசையாக நின்ற படம் ஒன்று. பால் வாளியைத் தோளில் தூக்கியே வளர்ந்த பெரியம்மா வலது கோடியில் நின்றார். அவர் படத்தில் இல்லை. அவர் கையைப் பிடித்திருந்த பேத்தியின் தோள் வரைதான் இருக்கிறது, அதற்குப் பிறகு இருட்டு.

விற்றவருக்குப் படம் பிடித்து அனுப்பினேன். பதில் உடனே வந்தது. “டேங்க்ல மருந்து பத்தல பாஸ்.” “ஆட்டுறது சரியில்ல.” “வீட்ல கழுவினா இப்படித்தான் வரும், லேபுக்குக் குடுங்க.” கழுவிப் பழக்கமில்லாதவர் இதைக் கேட்டால் வாயடைத்துப் போவார். ஆனால் நெகட்டிவ் பொய் சொல்லாது. டேங்கில் மருந்து குறைந்திருந்தால், மேலே நின்ற நீள ஓரம் சுருளின் தலை முதல் வால் வரை கோடு போட்ட மாதிரி கெட்டிருக்கும்; கட்டத்துக்குள் மட்டும் நின்றுகொள்ளாது. மருந்து செத்திருந்தால் பிலிம் ஓரத்தில் தொழிற்சாலையிலேயே பதித்த ‘எச்பி5 பிளஸ்’ எழுத்தும் எண்களும்கூட மங்கிப்போயிருக்கும். என் சுருளில் அவை கன்னங்கரேலென்று இருந்தன. கோயிலுக்குள் மெதுவான வேகத்தில் எடுத்த கட்டங்கள் ஓரத்துக்கு ஓரம் முழுசாக இருந்தன. ஒரே டேங்க், ஒரே மருந்து, ஒரே சுருள். கெட்டுப்போனது வேகமான கட்டங்கள் மட்டும். அப்படியென்றால் குற்றவாளி ஷட்டர்தான். 1/1000இல் இரண்டு திரைகளுக்கும் நடுவே சின்னப் பிளவுதான் ஓடுகிறது. முதல் திரை காய்ந்த கிரீஸில் தயங்கினால், பின்னால் வரும் திரை அதை எட்டிப் பிடித்து, கோடியைத் தொடும் முன்பே பிளவை மூடிவிடும்.

இதை எல்லாம் எழுதி அனுப்பியதும் தொனி மாறியது. “அனுப்புங்க பாஸ், பார்த்துத் தரேன்” என்றார். அனுப்பினேன். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று இன்னொரு 120 வெள்ளி கேட்டு வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார். அதே திரை, அதே இருட்டு. மறுபடி கேட்டபோது என் எண்ணையே முடக்கிவிட்டார். ஈப்போவில் பழைய கேமரா பார்க்கும் சீன அங்கிள் ஒருவர் கீழ்த்தட்டைக் கழற்றிக் காட்டினார். பழைய கிரீஸ் அரக்காக இறுகி, அதன் மேல் தூசி படிந்து கிடந்தது. யாரும் திறந்த அடையாளமே இல்லை. அங்கிள் என்னிடம் காசு வாங்கவில்லை. நாக்கைத் தட்டிக்கொண்டே திருகாணிகளைத் திரும்ப முடுக்கினார்.

மீட்டரும் ஓடவில்லை. அதற்கு விற்றவர் சொன்ன காரணம், “அந்த மெர்குரி பேட்டரி இப்ப வர்றதில்ல.” பேட்டரி நின்றுபோனது உண்மைதான். ஆனால் ஸ்பாட்மேட்டிக்கின் மீட்டர் பிரிட்ஜ் சர்க்யூட், 1.35 வோல்ட்டுக்குப் பதில் 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு போட்டாலும் சரியாகக் காட்டும். லென்ஸுக்குள் பூஞ்சை வேறு. நம் ஈரத்துக்கு அது அதிசயம் இல்லை. முன் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு ‘கிளீன்’ என்று போட்டதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வாங்கப் போகிறவர்கள் நேரில் போய்ப் பார்க்க முடிந்தால், லென்ஸைக் கழற்றச் சொல்லிப் பின்கதவைத் திறந்து, சூரியன் இல்லாத வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடித்து 1/1000இல் தட்டுங்கள். மின்னலாக ஒரு முழுச் செவ்வகம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து வைத்து, கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். நேரில் பார்க்க முடியாதென்றால், மேலே சொன்ன சோதனையை வீடியோவாகக் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். காசு போடும் முன் வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது. காசை வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் ஆள் மறைந்துவிட்டால், உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள்.

என் விஷயத்தில் பொருள் வந்துவிட்டதால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கிறேன். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்று கேட்டால் காட்டுவார்கள். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். வியாபாரமாக விற்கிறவர் மேல்தான் போட முடியும். அதனால் அவர் வேறு கேமராக்களுக்குப் போட்ட விளம்பரங்களையும் சேமித்து இணைத்தேன். வாட்ஸ்அப் உரையாடல், பணம் போட்ட ரசீது, ஓர எழுத்து தெரியும்படி நெகட்டிவ் படம், எல்லாம் கோப்பில் இருக்கிறது. விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன்.

அதற்குள் விற்றவர் இன்னொரு ஸ்பாட்மேட்டிக்கை 750 வெள்ளிக்குப் போட்டுவிட்டார். இந்தக் கேமராவில் எடுத்தது என்று கீழே ஒரு மாதிரிப் படம்: மழையில் சைக்கிள் நிற்கும், கடை முன்னால் உள்ள ஐந்தடிப் பாதை. எனக்கு விற்ற கேமராவுக்கும் அதே படம்தான் போட்டிருந்தார். விலை பேசும் முன், அந்தப் படத்தின் நெகட்டிவைக் காட்டச் சொல்லுங்கள்.