முதல் பதிப்பு என்று சொல்லி 18,500 ரூபாய் ஏமாற்றினார்கள்: பழைய புத்தகம் வாங்கி விற்பவர்கள் கவனத்துக்கு

18,500 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு எழுதுகிறேன். பழைய பொருள்களை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று இருக்கிற ஒரு ஆப்பில், 1950களில் வந்த நாவல்களின் முதல் பதிப்புகள் என்று காட்டி, பின்னாளில் வந்த மறுபதிப்புகளை அனுப்பிவிட்டார்கள். ஆப்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

நான் தர்மபுரியில் வீட்டில் வைத்தே வியாபாரம் செய்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம் பழைய பேப்பர் கடைகளில் எடைக்கு வருவதைப் பொறுக்கி எடுப்பேன். வீடு காலி செய்கிறவர்கள் கூப்பிட்டாலும் போவேன். ஒரு புத்தகத்துக்கு ஐம்பது, நூறு நிற்கும். ஆனால் பெரிய விலை போகிற சரக்கு இங்கே எடைக்கு வராது. ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரை மணியம் படங்களோடு சேர்த்துக் கட்டிய பைண்டிங், அந்தக் காலத்து முதல் பதிப்புகள், இதெல்லாம் வெளியூரில் யாராவது விற்றால்தான் உண்டு. ஓசூரில் ஒரு பெரியவர் அப்படிப்பட்ட பதிப்புகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். அதற்காகத்தான் இந்த லாட்டை எடுத்தேன்.

விற்றவரிடம் போனில் பேசினேன், வீடியோ கால் கேட்டேன். உடனே வந்தார். ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிக் காட்டினார். நான் கேட்பதற்கு முன்பே விலை அச்சிட்ட இடத்தில் விரலை வைத்து, “அணாவுல போட்டிருக்கு பாருங்கண்ணா” என்றார். உள்ளே பழைய வடிவ ணை, லை, றா எல்லாம் இருந்தன. “எங்கப்பா சேர்த்தது. எடைக்குப் போட மனசு வரலை. மதிப்புத் தெரிஞ்சவங்க கைக்குப் போகணும்” என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. இறந்துபோன அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு மனிதன் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்? 18,500 ரூபாயை ஆப் வழியாகவே கட்டினேன். பொருள் கைக்கு வந்த பிறகுதான் விற்றவருக்குப் பணம் போகும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

பார்சல் வந்தது. ஓடிபி சொன்னால்தான் தருவேன், பிரித்துக் காட்ட முடியாது என்றார் கொண்டுவந்த பையன். சொன்னேன். அப்புறம் வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தேன். அட்டையும் தலைப்புப் பக்கமும் அதேதான். புரட்டினால், முதல் தாள் மட்டும் கலர் ஜெராக்ஸ், பசை போட்டு ஒட்டியது. அடுத்த பக்கத்திலிருந்து எழுத்தெல்லாம் இன்று நாம் எழுதுகிற லை, னை, றா. இந்த எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று ஆணை போட்டதே 1978இல். ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் பதிப்பகத்தின் முகவரி, ஆறு இலக்கப் பின்கோடோடு. பின்கோடு வந்தது 1972இல். இதுவா ஐம்பதுகளின் புத்தகம்? வீடியோவில் காட்டியது ஒன்று, பார்சலில் கட்டியது வேறு.

ஆப்புக்கு எழுதினேன். ஓடிபி கொடுத்துவிட்டதால் நான் பொருளை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமாம். பிரித்துப் பார்க்காமல் எப்படி ஏற்பது என்று கேட்டதற்கு, “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. வீடியோவை அனுப்பினேன். விளம்பரத்தில் “பழைய பதிப்பு” என்றுதான் இருக்கிறது, முதல் பதிப்பு என்று எழுதவில்லை, போனில் பேசியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன். புகார் முடிக்கப்பட்டது என்று மெசேஜ் வந்தது. பழைய பதிப்புக்கும் முதல் பதிப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 18,500 ரூபாய். வந்த புத்தகங்களை நான் விற்றால் ஆயிரம் ரூபாய் தேறாது. விற்றவர் போனை எடுப்பதே இல்லை.

நுகர்வோர் வழக்குப் போடலாமா என்று வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். 2019 சட்டப்படி மறுவிற்பனைக்காக வாங்குகிறவர் நுகர்வோர் கணக்கில் வரமாட்டார் என்றார். வாங்கி விற்கிற எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் வைத்துப் படிக்க வாங்குகிறவருக்கு இருக்கிற வழி நமக்கு இல்லை. மோசடி என்று சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் கொடுத்திருக்கிறேன்.

விரிவாக யோசனை சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. அவசரமாகச் சில மட்டும். தலைப்புப் பக்கத்தை நம்பாதீர்கள், நடுப்பக்கத்து எழுத்தைப் பாருங்கள் (பெரியார் வெளியீடுகளில் மட்டும் 1930களிலேயே புது எழுத்து உண்டு). ‘முதல் பதிப்பு’ என்பதைப் போனில் கேட்டால் போதாது, விளம்பரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெரிய தொகை என்றால் பஸ் ஏறிப் போய் நேரில் வாங்குங்கள். பணம் போனால் அன்றைக்கே 1930க்குக் கூப்பிடுங்கள், தாமதித்தால் முடக்குவதற்கு அந்தக் கணக்கில் பணம் இருக்காது.

இன்று காலை பார்க்கிறேன், அதே ஆப்பில் அதே படங்கள், வேறு பெயரில் மறுபடியும் விற்பனைக்கு. நீலக் காலிகோ பைண்டிங், பொன் எழுத்து, பின்னால் கண்ணாடி வைத்த மர அலமாரி. விலை 19,000. வாங்காதீர்கள்.